கட்டிலில் ஆள் வேண்டும்

அன்புள்ள சரவணனுக்கு,

நேற்று சாயங்காலம் நீ போனை வைத்த பிறகு நான் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். உன் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு முடித்து, இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் சாம்பார் பிரமாதம் என்று நான் முடிவு கட்டினால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஒரு தப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு சரி போட்டு என்னைச் சரித்துவிடுவாய். காகிதத்திடம் அந்த வித்தை பலிக்காது. உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். ஒத்திகைக்கு வருகிற உன் லைன் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று உரக்கப் படி. உங்கள் எச்.ஆர். மேடத்துக்கும் ஒரு நகல் கொடு. இதில் மறைக்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது என்னுடையது. அதை நானே திறந்துவைக்கிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்க்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, ஒரகடத்தில் உங்கள் தொழிற்சாலையின் குடும்ப விழா. அதில் லைனில் உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளும் நீயும் நாடகம் போடுகிறீர்கள். நான் சொன்ன ஒரு பழைய படத்தை மேடைக்கு ஏற்றபடி நீதான் மாற்றி எழுதியிருக்கிறாய். அப்பா செத்துப்போன வீட்டுக்கு மூன்று மகன்கள் பாகம் பிரிக்க வருகிறார்கள். வாதம் வந்து பேச்சுப் போன அம்மா கூடத்தில் கட்டிலில் கிடக்கிறாள். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே சொல்ல முடியாததையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். கதை அவ்வளவுதான். வசனம் இல்லாத வேஷம் என்பதால் கட்டிலில் படுக்க யாரும் முன்வரவில்லை. உங்கள் கேண்டீனில் தட்டுக் கழுவுகிற மல்லிகாவைக் கேட்டீர்கள். அவள் வந்து படுத்தாள். இரண்டாவது ஒத்திகை முடிந்த அன்றைக்கே நீ என்னிடம் சொன்னாய், "அவங்க பாக்கற பார்வைல எங்களுக்கு டயலாக்கே மறந்து பூடுதும்மா. போர்வை மேல இடது கை வெரலை மட்டும் ஆட்றாங்க, உடம்பெல்லாம் சிலுத்துக்குது" என்று. அப்படிப்பட்டவளைப் பற்றி நேற்று என்ன சொன்னாய்?

"அம்மா, நாடகத்துல ஒரு சின்ன சேஞ்ச். கட்டிலை எடுத்துட்டு செவுத்துல ஒரு போட்டோ மாட்டிடலாம்னு சொல்றாங்க. அம்மா ஏற்கெனவே செத்துட்ட மாதிரி."

"யார்றா சொல்றாங்க?"

"எச்.ஆர்.ல. கம்பெனி ரோல்ல இல்லாதவங்க ஸ்டேஜ் ஏறக் கூடாதாம். மல்லிகாக்கா காண்ட்ராக்ட்டு."

"அவ இன்னா சொன்னா?"

"அவங்க இன்னாம்மா சொல்லப் போறாங்க. அவங்களுக்கு டயலாக்கே கெடையாது. அதுவும் இல்லாம போட்டோ உன்னோட ஐடியா. தொண்ணூத்தி ஒண்ணுல நீ பண்ணதுதானே. ஊரே கை தட்டுச்சின்னு நீதானே சொன்னே."

ஆமாம், நான்தான் சொன்னேன். நீ பால்வாடிக்குப் போன காலத்திலிருந்து, வீட்டுக்கு விருந்தாளி வரும்போதெல்லாம், மின்சாரம் போகும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். சிரிப்பு வருகிற இடம் வரைக்கும் சொல்லிவிட்டு அங்கேயே திரையை இழுத்து மூடிவிடுவேன். திரைக்குப் பின்னால் மிச்சக் கதை ஒன்று இருக்கிறது. அதை இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாததால் இப்போது நீ என்னையே சாட்சிக்கு இழுக்கிறாய். அதனால் முழுவதையும் கேள். தெரிந்த இடங்களில் கொட்டாவி விட்டுக்கொள். ஆனால் நடுவில் எழுந்து போகாதே.

எனக்கு அப்போது பதினாறு வயது. உன் தாத்தா படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிற நம் ஊரில் மைக்செட் வைத்திருந்தார். கூம்பு ஸ்பீக்கர் எட்டு, ட்யூப்லைட் இருபது, சீரியல் லைட் ஒரு மூட்டை. கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் விடிந்ததும் சாமிப் பாட்டு, வெயில் ஏறினால் கதை வசன கேசட். உனக்கு அது தெரியாது. ஒரு முழுப் படத்தின் பேச்சையும் கேசட்டில் அடைத்து விற்பார்கள். சமையல்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு படம் பார்த்து முடிப்பார், காதால். நானும் அப்படித்தான் படம் பார்த்தேன். தியேட்டருக்குத் தாம்பரம் போக வேண்டும், போக விடமாட்டார்கள். ஆனால் எண்பது படங்களாவது எனக்கு மனப்பாடம். ஊர்த் தலைவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் மாவிலைத் தோரணத்துக்குக் கீழே சொந்தக்காரர்கள் வரிசையாக நுழையும்போது, சாமிப் பாட்டை எடுத்துவிட்டு இந்தப் படத்தின் கேசட்டைப் போட்டவள் நான்தான். எட்டு ஸ்பீக்கரிலும் மூத்த மகன் கர்ஜித்தான்: "யாரைக் கேட்டு இந்த வூட்டுக்குள்ள வந்தீங்க? எல்லாரும் வெளிய போங்க." தலைவரின் சம்பந்தி உண்மையாகவே இரண்டு படி கீழே இறங்கிவிட்டார். அன்றிலிருந்து ஊர்த் தலைவர் என்னைப் பார்த்தால் கேசட் பெட்டியைப் பூட்டச் சொல்வார்.

காதால் படம் பார்த்ததில் எனக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டது. மேடையில் எந்தப் படம் நிற்கும், எது விழும் என்பது கேசட்டிலேயே தெரிந்துவிடும். சண்டைப் படம் என்றால் கால் மணி நேரம் அடிக்கிற சத்தம், கண்ணாடி உடைகிற சத்தம், நடுவில் ஒரு குதிரை. யார் யாரை அடிக்கிறார்கள் என்பது அந்தக் குதிரைக்குத்தான் வெளிச்சம். அதை மேடைக்குக் கொண்டுவந்தால் நாலு பேர் கட்டிப் புரளுவதைத்தான் ஜனம் பார்க்கும், அது நம் தெருக்குழாயடியில் தினமும் நடப்பது. ஆனால் ரயில்வே கேட் மூடிவிட்ட படம் ஒன்று இருந்தது. இந்தப் பக்கம் மாட்டு வண்டியில் பிரசவ வலி, அந்தப் பக்கம் டாக்டரம்மா, நடுவில் விதிப்படி நடக்கிற கேட்கீப்பர். அந்தப் படத்துக்கு ரயிலே தேவையில்லை. எல்லாரும் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பினால் ரயில் வந்துவிடும். ரேஷன் கடை வாசலில் ஏழு பேர் மண்ணெண்ணெய்க்காக நிற்கிற படம் ஒன்று. கடைசி வரைக்கும் கடையே திறக்காது. அதற்கு மேடையில் ஒரு பூட்டிய கதவு போதும். போன வருஷம் நீங்கள் லாரி துரத்துகிற படத்தை எடுத்து, தெர்மகோலில் இரண்டு லாரி செய்து, அதில் ஒன்று மின்விசிறிக் காற்றில் பறந்து போய் ஜெனரல் மேனேஜர் மடியில் விழுந்ததே, அப்போதே சொன்னேன். ஒரு படத்திலிருந்து கேமராவைக் கழற்றிவிட்டுப் பார். ஓட இடமில்லாமல் நாலு பேர் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு, ஒருவரிடம் ஒருவர் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று மிச்சம் இருந்தால், அது நாடகம். வேறு எதுவும் வேண்டாம். மழையைக்கூட முறத்தில் துவரம்பருப்பு உருட்டிப் பெய்ய வைத்துவிடலாம்.

அந்த வருஷம் மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நீ பாடப் புத்தகத்தில் படித்திருப்பாய். நாங்கள் அதை வேறு மாதிரிப் படித்தோம். நாலு பேர் கூடினால் போலீஸ் வந்து பெயர் கேட்டது. ராத்திரிக் கூட்டம் கிடையாது, மைக் கிடையாது. உன் தாத்தாவின் எட்டு ஸ்பீக்கரும் வீட்டுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்ந்து கிடந்தன. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது விடிய விடிய நடக்கிற கூத்து இந்த வருஷம் இல்லை என்று தலைவர் சொல்லிவிட்டார். நாங்கள் விடவில்லை. ராத்திரி கூடாது என்றால் பகலில் போடுவோம், மைக் கூடாது என்றால் கத்துவோம் என்று கிளம்பினோம். ஐந்தாறு பையன்கள், நான். இந்த மூன்று மகன்கள் படத்தின் வசனம் முழுவதும் என் தலைக்குள் இருந்ததால் அதை இரண்டு நோட்டில் எழுதினேன். எழுதினவள் நான், சொல்லிக்கொடுத்தவள் நான், மேடையில் மட்டும் நான் கிடையாது. பெண் பிள்ளை மேடை ஏறி ஆண் பிள்ளைகளோடு பேசக் கூடாது என்பது முதல் நாளே தலைவர் போட்ட நிபந்தனை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் படத்தில் பெண் வேஷமே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ விழுந்து விழுந்து சிரிப்பது இந்த இடத்தில்தான். கேசட்டில் மூன்று மகன்களும் "அம்மா, அம்மா" என்று பேசுகிறார்கள். ஒரு பதிலும் வரவில்லை. பதில் வராவிட்டால் என்ன அர்த்தம்? அம்மா செத்துவிட்டாள், போட்டோவைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று நான் முடிவு செய்தேன். ஊரில் எந்த வீட்டிலும் போட்டோ இரவல் தர மறுத்துவிட்டதால், ஊறுகாய் பாட்டில் லேபிளில் இருந்த அம்மாளைப் பார்த்துப் பெரிதாக வரைந்து, சட்டம் போட்டு, மாலையும் போட்டோம். ஊறுகாய் விற்கிறவள் என்பதால் அந்த அம்மாள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். மகன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவான், அம்மாள் எச்சில் ஊறச் சிரிப்பாள். பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஒத்திகை நடந்த ஒரு மத்தியானம் உன் பெரியம்மா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். என் அக்காவை உனக்குத் தெரியும். இப்போதே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அப்போது அதில் பாதி. தூக்குச்சட்டியை வைத்தாள், போட்டோவை ஒரு நிமிஷம் பார்த்தாள், "அந்தம்மா சாகல" என்றாள்.

"இன்னாக்கா சொல்றே?"

"கட்டில்ல படுத்துகினு இருப்பாங்க. பேச்சு வராது. எல்லாம் கேப்பாங்க."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். தாம்பரத்துக்குத் தையல் கற்றுக்கொள்ளப் போகிறவள், ஒரு மேட்னி ஷோவையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். அதற்கு முன்பும் பின்பும் அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. மூத்த மகனாக நடித்த பையன் மாலையைப் பார்த்துக்கொண்டே, "உயிரோட கீற அம்மாவுக்கு மாலை போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா" என்றான். இத்தோடு கதை முடிந்தது, பிறகும் போட்டோவை வைத்தே நாடகத்தை நடத்தினோம், ஊரே கைதட்டியது என்று உனக்குச் சொல்வேன். நீயும் சிரித்துக்கொண்டே தூங்கிப்போவாய். ஏன் மறுபடியும் போட்டோவையே வைத்தோம் என்று நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

அன்றைக்கே நான் மாலையைக் கழற்றினேன். என் சூட்சுமத்தில் பாதி ஓட்டை என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கதை புரிய வேண்டும், சரி. காதை மூடிக்கொண்டு பார்த்தாலும் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். இரண்டிலும் நிற்கிற படம்தான் மேடையில் நிற்கும். இந்தக் கதையில் அந்த அம்மா பேசுவதே இல்லை, ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருப்பதால்தான் மூன்று பேரும் பேசுகிறார்கள். சரி, கட்டிலில் யார் படுப்பது? "டயலாக் இல்லாத வேஷம் எவனுக்கு வேணும்" என்று பையன்கள் ஒரே குரலில் சொன்னார்கள். நான் நேராகத் தலைவரிடம் போனேன்.

"பொண்ணுங்க மேடைல ஆம்பளப் பசங்களோட பேசக் கூடாதுன்னு சொன்னீங்களே மாமா. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். படுத்துக்குவேன், அவ்ளோதான்."

"நீ பேசாம இருப்பியா? இத நான் மொதல்ல நம்பணுமே" என்றார் அவர்.

"நம்பலைன்னா வந்து முன்னாடி குந்திகினு பாருங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னை வாய் மூட வைக்க ஒரு வழி கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டார். நான் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். மறுநாள் தையல் மெஷினில் உன் தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டிகள் இரண்டைச் சேர்த்து ஒரு வெள்ளைப் புடவை தைத்துக்கொண்டிருந்தாள். நான் குள்ளம் என்பதால் கீழ்ப்பக்கம் நாலு விரல் மடித்து, என்னை நிற்க வைத்துப் பார்த்து, மடிப்பைத் தைத்தாள்.

அதைத் தாத்தா பார்த்துவிட்டார். அப்போது அக்காவுக்கு மணிமங்கலத்திலிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு மறைமலை நகரில் பேக்டரி வேலை. கூழ் ஊற்றுகிற அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வருவதாகவும் இருந்தது. ஸ்பீக்கர்கள் அடைந்து கிடந்த அந்த அறையின் நடுவில் நின்றுகொண்டு தாத்தா சொன்னார்.

"கல்யாணம் பேசிகினு கீற வூட்ல வெள்ளப் பொடவயா? தாலியறுத்தவ மாரி கட்டிகினு கட்டில்ல படுத்துக்குவே, அவங்க முன்னாடி குந்திகினு பாப்பாங்களா? உங்க அக்கா வாழ்க்கைய யோசிச்சியாடி?"

"அக்காவ ஒரு வார்த்த கேட்டுப் பாருப்பா."

"அவள இன்னா கேக்கறது. அவ என்னிக்கு வாயத் தொறந்து எது சொல்லிக்கீறா."

அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. காதாலேயே எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்தவள் நான். ஊரில் எந்த ஸ்பீக்கர் கரகரத்தாலும் எந்த வீட்டு ஸ்பீக்கர் என்று சொல்லிவிடுவேன். அந்த மெஷின் நின்றது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. "சரிப்பா" என்றேன். உன்னைப் போலவே இரண்டு தடவை.

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அக்காவுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று அப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஊரே சிரிக்கிற சேஷ்டைக்காரி ஒரே நாளில் தியாகியாகிவிட்டாள். ஆனால் உள்ளுக்குள் நான் பயந்துபோயிருந்தேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஊரை ஆட்டிவைப்பது வேறு. ஊருக்கு முன்னால் அசையாமல் கிடப்பது வேறு. தாத்தாவின் கோபம் எனக்கு நல்ல சாக்காகப் போய்விட்டது.

கூழ் ஊற்றி முடித்து, பகல் பதினோரு மணிக்கு, பள்ளிக்கூடத்து மைதானத்தில் நாடகம் நடந்தது. ஊறுகாய் அம்மாள் சுவரில் சிரித்தாள். கைதட்டல் உண்மைதான். ஆனால் மூன்றாவது மகன் தான் செய்த துரோகத்தைச் சொல்லிவிட்டு, "நான் பண்ணது தப்பாம்மா?" என்று கேட்கிற இடம் ஒன்று இருக்கிறதே. அங்கே அம்மாவின் விரல் அசைய வேண்டும். அவள் மன்னிக்கிறாளா, போடா என்கிறாளா என்பது தெரியாமல் அவன் அந்த விரலையே பார்க்க வேண்டும். நம் பையன் போட்டோவைப் பார்த்தான். போட்டோ சிரித்தது. ஜனத்தைப் பார்த்தான். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த வசனத்தைச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டான். செய்த தப்புக்கு அவன் ஒரு நொடிகூடத் தவிக்கவில்லை. போட்டோவிடம் யாரும் பயப்பட மாட்டார்கள் என்பது எனக்கு அங்கே தெரிந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் கடைசி வரிசையில் அக்கா ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையில் என்ன என்று நான் கேட்கவில்லை.

அந்த வரன் முடிந்தது. உன் பெரியப்பாவைப் போல ஒரு நல்ல மனிதர் கிடைக்க மாட்டார். அந்த நாடகத்தில் அவருக்கு இருந்த ஒரே சந்தேகம், "அந்தம்மா ஏன் சிரிச்சிகினே இருந்தாங்க?" என்பதுதான். வருஷங்கள் போய், நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவர்கள் தண்டலத்துக்கு வீடு மாற்றினார்கள். சாமான் கட்ட நான் போயிருந்தேன். பெரியம்மாவின் தகரப் பெட்டிக்கு அடியில் அந்த வெள்ளைப் புடவை இருந்தது.

"இத இன்னும் வச்சிகினு கீறியா? பிரிச்சி எதனா தெச்சிருக்கலாமே."

"உன் ஒசரத்துக்கு மடிச்சது."

"உனக்காகத்தான்க்கா அன்னிக்கு விட்டுக்குடுத்தேன்."

அவள் பாத்திரத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே, "என்னக் கேட்டியா?" என்றாள்.

"வரன் நின்னு பூட்டிருந்தா?"

"நின்னா நிக்கட்டும்னுதான் தெச்சேன்."

பத்து வார்த்தைக்கு உள்ளேயே முடித்துவிட்டாள். எனக்குத்தான் அன்று முழுவதும் பேச்சு வரவில்லை. யோசித்துப் பார், சரவணா. கேசட்டில் பதில் வரவில்லை என்பதற்காக ஓர் அம்மாவைச் சாகடித்தேன். அது தெரியாமல் செய்தது, அதற்குச் சிரித்துவிடலாம். அந்த அம்மா சாகவில்லை என்று எனக்குச் சொன்னவளே என் அக்கா. சொன்ன அதே வாரத்தில் அவளையும் போட்டோவாக்கிச் சுவரில் மாட்டினேன். அது தெரிந்தே செய்தது. அவளுக்கு எது நல்லது என்று நானும் தாத்தாவும் பேசி முடித்தோம், அவள் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது நீ சொல்கிறாய், "அவங்க இன்னாம்மா சொல்லப் போறாங்க." அந்தக் குரலை நான் ஸ்பீக்கர் அறையில் கேட்டிருக்கிறேன். அது உன் தாத்தாவின் குரல். என் குரலும்தான். பரம்பரைச் சொத்தாக வேறு எதையாவது நீ எடுத்துக்கொண்டிருக்கலாம்.

உங்கள் எச்.ஆர். மேடத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கெட்டவராக இருக்க மாட்டார். மேலே இருந்து வந்த விதியை அவர் வாசிக்கிறார். ஆனால் அவரிடம் இதைக் கேள். ஒப்பந்தம் போட்டவர்கள் ஒப்பனை போடக் கூடாது என்று எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது? தினமும் லைனில் நிற்கிற ஆயிரம் பேருக்குத் தட்டுக் கழுவுகிற கை, ஒரு நாள் போர்வை மேல் விரல் அசைத்தால் தொழிற்சாலை நின்றுவிடுமா? குடும்ப விழா என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, எந்தக் குடும்பத்தில் பாத்திரம் கழுவுகிறவளை வெளியே நிறுத்திவிட்டு விழா நடத்துகிறார்கள்? நடத்துகிற குடும்பங்கள் உண்டு, எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றித்தானே உங்கள் நாடகமே.

உனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. நேற்று நீ அதைச் சொல்லவில்லை, ஆனால் நான் காதால் பார்க்கிறவள். நீ எதிர்த்துப் பேசினால் அந்த மூன்று மாதம் முப்பது மாதமாகலாம். ஆகாது என்று பொய் சொல்ல மாட்டேன். அப்படி ஆனால் வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன். உப்பு மட்டும் என் மனசைப் பொறுத்தது. உன்னைவிட மல்லிகாவுக்கு ஆபத்து அதிகம் என்பதையும் யோசித்துக்கொள். அவளுக்கு மூன்று மாதம்கூடக் கிடையாது, நாளைக்கு வராதே என்றால் வர முடியாது. அதனால் வீரம் பேசிவிட்டு அவள் தலையில் கட்டாதே. அவளிடம் போ. கேண்டீனில் நின்றபடி, தட்டை நீட்டியபடி கேட்காதே, உட்கார்ந்து கேள். விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டு, "நீங்க இன்னா நெனைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அவள் உடனே பதில் சொல்லாவிட்டால் பதில் இல்லை என்று எழுந்து வந்துவிடாதே. உட்கார்ந்திரு. விரல் அசைகிற வரைக்கும் உட்கார்ந்திரு.

அவள் படுக்கிறேன் என்றால், நீங்கள் எல்லாரும் சேர்ந்து எச்.ஆர். அறைக்குப் போங்கள். கட்டில் இல்லையென்றால் நாடகம் இல்லை என்று சொல்லுங்கள். மேடை அவர்களுடையது, நாடகம் உங்களுடையது. அவர்கள் மேடையை எடுத்துக்கொண்டால், ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கேட்டுக்கு வெளியே பஸ் நிற்கிற மரத்தடியில் போடுங்கள். பகல் வெளிச்சத்தில், மைக் இல்லாமல் எப்படிக் கத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. நல்ல நாடகத்துக்கு ஒரு கட்டிலும் அதில் ஓர் ஆளும் போதும் என்பதுதான் இந்தப் படத்தை நான் உனக்கு மேடைக்குச் சிபாரிசு செய்ததற்கே காரணம். அந்த ஆளை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மூன்று பேர் சொத்துக்குச் சண்டை போடுவது மட்டும்தான்.

அவள் வேண்டாம் என்றால், அது அவள் சொல். அதை மதி. ஆனால் அப்போதும் சுவரில் போட்டோ தொங்கக் கூடாது. ஊழியர் குடும்பத்தினர் கலை நிகழ்ச்சிகளில் பங்கேற்கலாம் என்று உங்கள் அழைப்பிதழின் இரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறது. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நான் ஊழியர் குடும்பத்தினர். கட்டிலில் கிடக்கிற வயதும் எனக்கு வந்துவிட்டது. அந்த வேஷத்துக்கு நான் ஒத்திகை பார்க்க வேண்டியதில்லை, மனசுக்குள் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் மீறி நீ போட்டோவை மாட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. முதல் வரிசையில் நான்தான் உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் உன் பெரியம்மா உட்கார்ந்திருப்பாள். "நான் பண்ணது தப்பாம்மா?" என்று உன் மூன்றாவது மகன் சுவரைப் பார்த்துக் கேட்கும்போது, நான் எழுந்து மேடைக்கு வருவேன். அதற்குப் பிறகு நடப்பதற்கு உங்கள் ஜெனரல் மேனேஜர் பொறுப்பு.

இன்று காலையில் தண்டலத்துக்குப் போய்ப் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் உள்ளே போய் அந்த வெள்ளைப் புடவையை எடுத்துவந்து, மடிப்பைப் பிரித்து, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். மல்லிகா எவ்வளவு உயரம் என்று தெரிந்தால்தான் திரும்ப மடித்துத் தைக்க முடியுமாம். அவள் உயரத்தை நீயாக ஊகித்து எழுதாதே. அவளிடமே கேட்டு எழுது.

உன்
அம்மா